சிப்பம்: ஓலைப்பெட்டியும் அட்டைப்பெட்டியும்

தொலைவுக்கு அனுப்பும் சரக்கை உடையாமல், நனையாமல், சிதறாமல் கட்டும் கட்டுக்குத் தமிழ் வணிகத்தில் சிப்பம் என்று பெயர். அரிசி மண்டியில் இன்றும் 25 கிலோ சிப்பம் என்றுதான் பேச்சு. இணையக் கடைகள் குப்பையைக் குறைக்க இப்போது தேடும் வழிகளில் சில, சிப்பம் கட்டிய பழைய கைகளுக்குப் பழக்கமானவை.

கடைத்தெருவில் இலைக்குத்தான் முதலிடம். கறிக்குத் தேக்கிலை, பூச்சரத்துக்கு வாழையிலை, கட்டுச்சாதத்துக்கு மந்தாரை இலை. பச்சிலை இரண்டொரு நாளில் வாடிவிடும். அதன் எல்லை ஊரோடு சரி. வெளியூருக்குப் போனது பனையோலை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் அடுக்கி, மூடியைப் பனைநாரால் இறுக்கிக் கட்டினார்கள். கருப்பட்டி ஈரம் இழுக்கும் பண்டம், மழைக்காலத்தில் கசிந்துவிடும். ஓலைப் பின்னலின் இடுக்கில் காற்று ஓடுவதால் கசிவு கொஞ்சம் மட்டுப்படும். பெட்டி வந்து சேர்ந்த வீட்டில் கருப்பட்டி தீர்ந்த பிறகு அதில் புளியோ பூண்டோ ஏறும். செட்டிநாட்டில் சாயமேற்றிய ஓலையில் பின்னும் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

மூட்டைச் சரக்குக்குச் சணல் சாக்கு வந்தது. வங்காளத்தின் ரிஷ்ராவில் 1855-இல் நாட்டின் முதல் சணல் நூற்பாலை தொடங்கியது. பிறகு கோணிப்பை இல்லாத மண்டி இல்லை என்றானது. காலிச் சாக்குக்கும் விலை உண்டு. கிழிசலைக் கோணி ஊசியால் தைத்து மறுபடி விற்பதே ஒரு தனித் தொழில். செயற்கை இழைப் பைகள் பெருகியபோது, உணவு தானியத்தையும் சர்க்கரையையும் சணல் பையில் கட்ட வேண்டும் என்பதற்காக 1987-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது.

சில்லறைக்குப் பழைய செய்தித்தாள். மளிகைக்கடையில் தலைக்கு மேல் தொங்கும் நூற்கண்டிலிருந்து நூலை இழுத்து, கூம்பாகச் சுருட்டிய தாளின் வாயை மடக்கி, இரண்டு சுற்றுச் சுற்றிச் சுண்டி அறுப்பதற்குள் அடுத்தவர் கேட்ட பருப்பு தராசில் ஏறியிருக்கும். அச்சு மை உணவில் ஒட்டும் என்பது இந்த முறையின் குறை. அதை மறைத்துப் பழமையைப் புகழ்வதில் பொருளில்லை.

முகம் பாராமல் விற்று வாங்கும் வணிகம் இணையத்தோடு தொடங்கியதும் அன்று. இந்திய அஞ்சல்துறை 1877-இல் வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. தபால்காரர் பார்சலைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்வார், அது விற்றவருக்கு அஞ்சல் வழியே போய்ச் சேரும். புத்தகமும் மருந்தும் இப்படித்தான் சிற்றூர்களுக்கு வந்தன. மதிப்புள்ள பார்சலை வெள்ளைக் காடாத் துணியில் வைத்துச் சுற்றிலும் தைப்பது வழக்கம். தையலை யாரும் பிரித்துப் பார்க்காதபடி, அரக்கை மெழுகுவத்தியில் உருக்கி, தையல் நெடுகிலும் சொட்டுவிட்டு முத்திரை குத்துவார்கள். முகவரி துணியின் மேலேயே எழுதப்படும். துணியைப் பொருளின் அளவுக்கே வெட்டுவதால் உள்ளே வெற்றிடம் கிடையாது. வாங்கியவர் வீட்டில் நூலைப் பிரித்ததும் அந்தத் துணி அடுப்படியில் பிடிதுணியாகிவிடும்.

இன்றைய பெட்டிக்கு மூலமான நெளிவுத் தாளுக்கு இங்கிலாந்தில் 1856-இல் காப்புரிமை பெற்றவர்கள் அதை உயரமான தொப்பிகளுக்கு உள்ளொட்டாகவே கருதினார்கள். நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ் 1871-இல் கண்ணாடிக் குப்பிகளைச் சுற்ற அதைப் பயன்படுத்தினார். 1879-இல் புரூக்ளினில் ராபர்ட் கெயர் என்பவரின் ஆலையில் தாள்பையை மடிக்க வேண்டிய உலோகப் பட்டை தவறிப்போய்ப் பைகளை வெட்டிவிட்டது. வெட்டையும் மடிப்பையும் ஒரே அழுத்தில் செய்யலாம் என்று அவருக்குப் பிடிபட்டது அங்கேதான். தட்டையாக அடுக்கி வைத்து, வேண்டும்போது நிமிர்த்திக்கொள்ளும் பெட்டி அதிலிருந்து பிறந்தது. காற்றுக்குமிழ்த் தாள் 1957-இல் நியூஜெர்சியில் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாகத் தொடங்கி, அதில் தோற்று, உடையும் பொருளுக்கு மெத்தையாயிற்று.

பெங்களூரில் 2007-இல் ஃப்ளிப்கார்ட் புத்தகம் விற்கத் தொடங்கியது. பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் வசதியை அது 2010-இல் சேர்த்தபோது, பழைய வி.பி.பி. வேறு பெயரில் திரும்பி வந்தது. துணியும் தையலும் வரவில்லை. மொத்த வணிகத்தில் நூறு பொருளுக்கு ஒரு சாக்கு போதும். இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பெட்டி, அதன் மேல் ஒட்டுநாடா, உள்ளே குமிழ்த் தாள். கிடங்கில் இருப்பது ஏழெட்டு அளவுப் பெட்டிகள் என்றால், சின்னப் பொருளும் பெரிய பெட்டியில்தான் ஏற வேண்டும். இதில் பண நட்டமும் உண்டு. கூரியர் நிறுவனங்கள் பலவும் பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அந்த எண் உண்மை எடையைவிட அதிகமானால் அதற்கே கட்டணம் வாங்குகின்றன. அரைக் கிலோ கருப்பட்டியை 30, 20, 15 சென்டிமீட்டர் பெட்டியில் அனுப்பினால் 1.8 கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும். காற்றுக்குக் கட்டும் காசு.

மாற்றத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. பிளாஸ்டிக் உறையைச் சந்தைக்கு அனுப்புகிறவரே அதைத் திரட்டி மறுசுழற்சிக்குச் சேர்க்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விரிவான நெறிமுறை வெளியிட்டது. காலிச் சாக்கு தன் விலையாலேயே மண்டிக்குத் திரும்பியது. அந்தத் திரும்பு பாதையை இப்போது சட்டத்தால் போட வேண்டியிருக்கிறது.

அமேசான் இந்தியா 2020-லும், ஃப்ளிப்கார்ட் 2021-லும் தங்கள் கிடங்குகளில் ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்கைக் கைவிட்டதாக அறிவித்தன. இது அவர்களின் கிடங்குகளுக்குத்தான். அதே தளங்களில் விற்று, தாங்களே கட்டி அனுப்பும் வணிகர்களின் பிளாஸ்டிக் அதில் அடங்காது. குமிழ்த் தாளின் இடத்துக்குத் தேன்கூடு போல விரியும் தாளும், கிழித்த அட்டைத் துண்டும் வந்தன. பிளாஸ்டிக் நாடாவுக்குப் பதில், தண்ணீர் தடவினால் ஒட்டும் பசைத்தாள் நாடா. அட்டையோடு சேர்த்தே அதையும் கூழாக்கலாம். உற்பத்தியாளரின் பெட்டியையே மேலுறை இல்லாமல் முகவரிச் சீட்டு ஒட்டி அனுப்புவதும் நடக்கிறது.

காகிதமும் இலவசம் அன்று. மறுசுழற்சியின் ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகி வலு குறையும், புதுக் கூழ் சேர்த்தே ஆக வேண்டும். கரூர் அருகே காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. மரத்தின் சுமையை அது ஓரளவு குறைக்கும், தண்ணீர்த் தேவை அப்படியே இருக்கும். மக்கும் என்று விற்கப்படும் மாவுப்பொருள் உறைகளில் பலவும் சூடான தொழிற்கூட உரக்கிடங்கில்தான் மக்கும், வீட்டுக் குப்பைக்குழியில் அல்ல.

சிறு வணிகருக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் அளவுதான். பொருளுக்கேற்ற மூன்று பெட்டி, கடைக்கு வந்த பழைய அட்டையிலேயே உள்நிரப்பு. கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் வைத்து, அதன் அளவுக்கே செய்த அட்டைப்பெட்டியில் இறக்கினால் வேறு மெத்தை தேவைப்படாது. எண்ணெய், நெய், ஊறுகாய் ஆகியவற்றுக்கு இந்த வழி போதாது. கண்ணாடிப் புட்டிக்கு எடையும் உடைசலும் கூடுதல், தகர டப்பாவுக்கு விலை கூடுதல். அந்தச் சரக்கு மட்டும் பெரும்பாலும் இன்னும் பிளாஸ்டிக்கில்தான் போகிறது.