சத்தம் போட்டுப் படி! வாசிப்புப் போட்டியும் வடசென்னையின் பழைய பழக்கமும்

பள்ளி ஆண்டு விழா வந்தால் பேச்சுப் போட்டி இருக்கும், கட்டுரைப் போட்டி இருக்கும், திருக்குறள் ஒப்புவித்தல் இருக்கும், சாக்கு ஓட்டம்கூட இருக்கும். புத்தகம் படிப்பதற்கு ஒரு போட்டி என்பது மட்டும் அபூர்வம். படிப்பது தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து செய்கிற வேலை, அதில் என்ன போட்டி என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் நம் ஊரில், அதிலும் வடசென்னைத் தெருக்களில், வாசிப்பு வெகுகாலம் தனியாள் வேலையாக இருந்ததில்லை. ஒருவர் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள்.

படிப்பகங்கள் இருந்த காலம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேலை முடிந்த பிறகு அவர்கள் கூடிய இடங்களில் ஒன்று வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் நடத்திய அந்தச் சபாவுக்கு ஆன்மிகச் சொற்பொழிவு கேட்கத்தான் வந்தார்கள். கேட்க வந்தவர்கள் தங்கள் குறைகளையும் பேச ஆரம்பித்தார்கள். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்தக் கூட்டத்திலிருந்துதான்.

அடுத்து வந்தது படிப்பகங்களின் காலம். ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்தது பலருக்கும் தெரிந்த வரலாறு. அந்தக் கட்சி வளர்ந்த விதத்தில் மேடைப் பேச்சுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு தெருமுனைப் படிப்பகங்களுக்கும் முடிதிருத்தும் கடைகளுக்கும் உண்டு. 'விடுதலை', 'திராவிட நாடு', 'முரசொலி' என்று ஒரு பக்கம், கம்யூனிஸ்டுகளின் 'ஜனசக்தி' இன்னொரு பக்கம். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள், நடுவில் நிறுத்தி அர்த்தம் கேட்பார்கள், சண்டையும் போடுவார்கள். கேட்டுக் கேட்டே படிக்கும் ஆசை வந்தவர்கள் அதில் பலர்.

"அமைதி காக்கவும்"

இதே காலத்தில் அரசும் ஒரு பெரிய காரியம் செய்தது. எஸ்.ஆர். ரங்கநாதன் போன்றவர்களின் நீண்ட முயற்சியால் 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு. அவினாசிலிங்கம். சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் இதுவே. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகத் தொடங்கியது. இன்று அது ரூபாய்க்கு 10 பைசா. திருவொற்றியூரில் சின்ன ஓட்டு வீட்டுக்கு வரி கட்டுபவரின் காசும் அதில் சேர்கிறது.

நூலகம் வந்தது, புத்தகம் வந்தது. கூடவே "அமைதி காக்கவும்" என்ற பலகையும் வந்தது. நன்றாகப் படிக்கத் தெரிந்தவருக்கு அது சரி. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்குச் சத்தம் வேண்டுமே! 'ப', 'ட்', 'ட', 'ம்' என்று வாய்விட்டுச் சொல்லி, அது தன் காதிலேயே 'பட்டம்' என்று விழும்போதுதான் அதற்கு வார்த்தை பிடிபடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க ஓர் ஆளும் வேண்டும்.

பூட்டிய பள்ளிகள்

கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காட்டியது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020ல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, வகுப்பறையில் முதன்முதலாக உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்புப் பிள்ளையாகிவிட்டது. கிராமப்புறங்களில் எடுக்கப்படும் 'அசர்' ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 2018ல் சுமார் 10 சதவீதம். 2022ல் அது 5 சதவீதத்துக்கும் கீழே போனது.

அந்த ஆய்வு நகரங்களுக்கு வரவில்லை. ஆனால் ராயபுரம், எண்ணூர்ப் பக்கத்து வீடுகளை நினைத்துப் பார்க்கலாம். ஒரே அறையில் ஐந்து பேர், வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல், அதிகாலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடும் பெற்றோர். அங்கே ஒரு பிள்ளை யாரிடம் படித்துக் காட்டும்?

12 நாள் மாரத்தான்

இதற்காக 2021 அக்டோபரில் தொடங்கப்பட்டதுதான் இல்லம் தேடிக் கல்வி. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் தங்கள் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அதன் ஒரு பகுதியாக 2022 ஜூன் 1 முதல் 12 வரை வாசிப்பு மாரத்தான் நடந்தது. கூகுளின் 'ரீட் அலாங்' செயலியில் திரையில் கதை வரும். குழந்தை உரக்கப் படிக்க வேண்டும். செயலி கேட்டுக்கொண்டே வரும், தவறினால் சொல்லிக் கொடுக்கும், சரியாகப் படித்தால் நட்சத்திரம் தரும். திருச்சி மாவட்டம் லால்குடி ஒன்றியம் சுமார் 62 லட்சம் வார்த்தைகளைச் சரியாகப் படித்து முதலிடம் பெற்றது.

ஒன்றியத்துக்கு ஒன்றியம் போட்டி என்பதால் தோற்ற குழந்தை என்று யாரும் இல்லை. திக்கித் திக்கிப் படித்த பிள்ளையின் பத்து வார்த்தையும் கணக்கில் சேர்ந்தது. பல வீடுகளில் போன் இல்லை, அதனால் தன்னார்வலரின் போனையே பிள்ளைகள் முறை வைத்து வாங்கிப் படித்தார்கள். முறைக்குக் காத்திருந்தவர்கள் மற்றவர் படிப்பதைக் கேட்டார்கள். பழைய படிப்பகம்தான், கேட்பவர்களின் வயது மட்டும் குறைந்துவிட்டது.

குறையும் உண்டு. வார்த்தைகளை எண்ணலாம், ரசித்ததை எப்படி எண்ணுவது? எண்ணிக்கைக்காகவே படித்தால் கதையில் நரி என்ன ஆனது என்று பிள்ளைக்கு நினைவிருக்காது.

நுழை, நட, ஓடு, பற

அந்தக் குறைக்கு ஓரளவு பதிலாக 2023ல் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வந்தது. 16 பக்கச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள். வகுப்பு வாரியாகப் பிரிக்காமல், படிக்கும் திறனை வைத்து 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று நான்கு படிகள். ஆறாம் வகுப்புப் பையன் 'நுழை' புத்தகத்தை எடுத்தாலும் கேலி இல்லை. ஒரே மூச்சில் ஒரு புத்தகத்தை முடித்துவிட்டேன் என்கிற சந்தோஷம் அவனுக்குக் கிடைக்கிறது. மதிப்பெண்ணுக்காகப் படிக்கிற பிள்ளைக்கு அது புதிய அனுபவம்.

ஆகவே, பள்ளிகளில் வாசிப்புப் போட்டி தாராளமாக வைக்கலாம். யார் வேகமாகப் படித்தார், யார் அதிகப் புத்தகம் முடித்தார் என்று மட்டும் பார்த்தால், ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கே இன்னொரு பரிசு போகும். தான் படித்த கதையைத் தம்பிக்கோ பாட்டிக்கோ படித்துக் காட்டினாயா, அவர்கள் என்ன கேட்டார்கள் என்று விசாரித்து அதற்கும் ஒரு பரிசு வைத்தால், திக்கிப் படிக்கிற பிள்ளைக்கும் மேடையில் இடம் கிடைக்கும். வீட்டில் நாம் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். பிள்ளை புத்தகத்தோடு வந்து "படிக்கட்டுமா?" என்று கேட்டால், டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பத்து நிமிடம் கேட்டால் போதும்.