தீவுச் சிறையில் ஒரு கால்பந்துக் கழகம்

கல்விக் கழகம் ஒன்றின் வெள்ளி விழா மலரில் கால்பந்தாட்டத்திற்கு இடம் எதற்கு என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். பள்ளி, விடுதி, உதவித்தொகை, தேர்வு ஆகியவை பற்றி எழுதுவோர் இம்மலரில் பலர் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஆயினும் படித்து முடிக்கும்போது, இதுவும் கழகம் நடத்துவதைப் பற்றிய வரலாறே என்பது இளைஞர்களுக்குப் புலப்படும் என நம்புகிறேன்.

நம் காவிரிப் பகுதி இளைஞர்க்கு ஆடுகளம் எது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்த பிறகு, மேட்டூர்த் தண்ணீர் வந்து சேரும் வரையில் வெடித்துக் கிடக்கும் வயல்தான் நமது மைதானம். ஒரு பந்தும், இரு பக்கமும் நட்ட மூங்கிற்கழிகளும் போதும். ஆனால் வயல் யாருடையது? உரியவர் வரப்பில் நின்று ஒரு குரல் கொடுத்தால் ஆட்டம் அந்தக் கணமே முடிந்துவிடும். ஊர்ப் பொதுத் திடலோ பல ஊர்களில் பெயரளவில்தான் பொது. ஆடுவதற்கு வேண்டிய கால்கள் நம்மிடம் என்றும் இருந்தன. ஊன்றி நிற்க நிலம்தான் இல்லை.

அவ்வாறே ஓரடி நிலமும் சொந்தமில்லாத, தம் உடலின்மீதே தமக்கு உரிமையில்லாத நிலையில் இருந்த மனிதர்கள், முறையான விதிகளோடு ஒரு கால்பந்துக் கழகத்தை நிறுவிப் பல ஆண்டுகள் நடத்திக் காட்டினர். அது நடந்த இடம் தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறைச்சாலை. அதன் பெயர் மக்கானா கால்பந்துக் கழகம். இன்று அந்தக் கழகம் இல்லை, சிறையும் இல்லை. வரலாறு மட்டும் இருக்கிறது.

தென்னாப்பிரிக்கா நமக்கு முற்றிலும் அயலான நாடன்று. 1860 நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைக் கொண்டுபோய் நேட்டால் துறைமுகத்தில் இறக்கியது. 1911ஆம் ஆண்டு வரையில் ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குச் சென்றனர். கரும்புத் தோட்டங்களில் முதுகு ஒடிந்த அவர்களுள் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார். கப்பற்பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக ஊரும் சாதியும் எழுதப்பட்டன. நம் மக்களின் சாதிப் பெயர்கள் அவ்வேடுகளில் மிகுதியாகவே காணக் கிடக்கின்றன. பண்ணையாளாய்க் கிடந்து மடிவதைவிடக் கடல் கடப்பது மேல் என்று எண்ணிப் புறப்பட்டவர் எத்தனை பேரோ! தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியை வேராகக் கொண்ட குடும்பத்தில், ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று நோயுற்று, 1914 பிப்ரவரி 22இல் தம் பதினாறாம் வயதில் உயிர் நீத்த செய்தியை நாம் அறிவோம். அதே போராட்டத்தில் முன்னணியில் நின்ற தம்பி நாயுடுவின் பேரர் இந்திரஸ் நாயுடு, பின்னாளில் ராபன் தீவில் பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்தார்.

கடல் கடந்தோரின் மக்கள் கால்பந்தை விரும்பிக் கற்றனர். தென்னாப்பிரிக்க இந்தியர் கால்பந்துக் கழகம் 1903இல் தோன்றியது. அங்கிருந்து ஓர் அணி 1921-22இல் இந்தியாவுக்கே வந்து ஆடிச் சென்றது. ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்நாட்டில் இந்தியருக்கு ஒரு கழகம், ஆப்பிரிக்கருக்கு ஒரு கழகம், கலப்பினத்தாருக்கு ஒரு கழகம், வெள்ளையருக்கு ஒரு கழகம் எனப் பந்தும் நிறம் பார்த்தே உருண்டது. ஒடுக்கப்பட்டோரும் தத்தம் வேலிக்குள் தனித்தனியே ஆடி மகிழ்ந்தனர். இது நமக்குப் புதிய காட்சியா என்ன? நம் சேரிகளுக்குள்ளேயும் உட்பிரிவு பார்க்கும் வழக்கம் முற்றும் ஒழிந்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல என்னால் இயலவில்லை.

1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, நிறவெறியைச் சட்டமாக்கியது. 1950இல் வந்த குடியிருப்புப் பகுதிச் சட்டம், எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று கோடு கிழித்தது. அடி விழுந்த பிறகே அறிவு வந்தது எனலாம்: 1951இல் வெள்ளையரல்லாதார் மூவரின் கழகங்களும் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. அதன் வழியே 1961இல், நிறம் பாராத ஒரு லீக் போட்டி தொடங்கியது. அரசு அதை நேரே தடை செய்யவில்லை. மைதானத்தைப் பூட்டியது! 1963 ஏப்ரலில் ஜோகன்னஸ்பர்க்கின் நேட்டால்ஸ்ப்ரைட் மைதானத்திற்கு ஆட்டக்காரர்களும் மக்களும் வந்தபோது வாயில் அடைக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 15,000 பேர் வேலியேறிக் குதித்து உள்ளே சென்றனர், ஆட்டம் நடந்தது, மொரோக்கா ஸ்வாலோஸ் அணி 6-1 என்று வென்றது. ஆனால் எத்தனை வாரம் வேலி ஏற முடியும்? களம் கிடைக்காமையால் சில ஆண்டுகளில் அந்த லீக் நலிந்து மறைந்தது.

அக்காலத்தில் நிறவெறியை எதிர்த்தவர் நூற்றுக்கணக்கில் சிறைப்பட்டனர். கேப் டவுன் நகரத்துக்கு எதிரே, கடலில் உள்ள ராபன் தீவுக்கு அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். பகலெல்லாம் கல் உடைக்கும் வேலை. காவலர் அனைவரும் வெள்ளையர். அங்கே நடைமுறையிலிருந்த ஓர் ஏற்பாட்டை நம் இளைஞர்கள் கருத்தூன்றிக் காண வேண்டும். 1964 சூனில் நெல்சன் மண்டேலாவும் அகமது கத்ராடாவும் ஒன்றாகத் தீவில் இறக்கப்பட்டனர். இந்தியரான கத்ராடாவுக்கு வயது 34. அவருக்கு முழுக்கால் சட்டை கிடைத்தது. நாற்பத்தைந்து வயதான மண்டேலா ஆப்பிரிக்கர். அவருக்குச் சிறுவர் அணியும் அரைக்கால் சட்டை. இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் ரொட்டி உண்டு, ஆப்பிரிக்கருக்கு இல்லை.

எல்லாரும் கைதிகளே. அவர்களுக்குள்ளும் ஏன் இந்த வேறுபாடு? அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சுட்டிக்காட்டியது இதனையே. ஒருவனை இன்னொருவனுக்கு ஒரு படி மேலே நிறுத்திவிட்டால், இருவரும் சேர்ந்து படிக்கட்டை இடிக்க வரமாட்டார்கள் என்பது ஆள்வோரின் கணக்கு. விளையாட்டு இக்கணக்கைத் தானாகவே அழித்துவிடும் என்று எண்ணுவதும் பேதைமை. பூனாவில் நம்மவரான பல்வங்கர் பாலுவின் பந்துவீச்சை விரும்பி ஏற்றுக்கொண்ட கிரிக்கெட் அன்பர்கள், அவருக்குத் தேநீரை வெளியே, மண்குவளையில் அளித்தனர். சேர்ந்து ஆடினால் மட்டும் போதாது. ஆட்டத்தை யார் நடத்துகிறார், விதியை யார் எழுதுகிறார் என்பதே முதன்மையான வினா.

தீவின் கைதிகள் தொடக்கத்தில் அறைக்குள்ளேயே துணியைச் சுருட்டிப் பந்தாக்கி உதைத்தனர். 1964ஆம் ஆண்டு முதல், வெளியில் கால்பந்து ஆட அனுமதி வேண்டுமென்று சிறை அதிகாரிகளிடம் முறையிடத் தொடங்கினர். கேட்டவருக்கு உணவு மறுக்கப்பட்டது. அடுத்த வாரம் வேறொருவர் எழுந்து அதையே கேட்டார். அவருக்கும் உணவு இல்லை. இவ்வாறு மூன்றாண்டுகள்! செஞ்சிலுவைச் சங்கத்தாரின் வருகையும் வெளியுலகின் கண்டனமும் சேர்ந்துகொள்ள, 1967இன் இறுதியில் சனிக்கிழமைகளில் ஆடலாம் என்ற அனுமதி பிறந்தது.

களத்தை அவர்களே செப்பனிட்டனர். கரையில் ஒதுங்கிய மீன்வலையைக் கோல் கம்பத்தில் கட்டினர். 1969இல் மக்கானா கால்பந்துக் கழகம் முறைப்படி அமைந்தது. மக்கானா என்பவர் 1819இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு, அதே தீவில் சிறை வைக்கப்பட்டு, தப்பிச் செல்லும் முயற்சியில் கடலில் மூழ்கி இறந்த கோசா இனத் தலைவர். கழகத்தின் முதல் தலைவராக இருந்தவர் டிக்காங் மொசெனெக்கே. பதினைந்து வயதில் தண்டனை பெற்றுத் தீவுக்கு வந்த இளைஞர் அவர். சிறைக்குள் அஞ்சல்வழிப் படித்துப் பட்டம் பெற்றார். பின்னாளில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றத்தின் துணைத் தலைமை நீதிபதியானார். கணித ஆசிரியரான செடிக் ஐசக்ஸ் செயலாளர் பணியில் சிறந்து விளங்கினார்.

ஈண்டு ஓர் எண்ணம் எழுவதைத் தவிர்க்க இயலவில்லை. தீவில் ஆட்டத்திற்கு அனுமதி கிடைத்ததற்கும் கழகம் அமைந்ததற்கும் இடைப்பட்ட ஆண்டில், 1968 டிசம்பர் 25 இரவில், நம் தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட பாவத்துக்காக 44 உயிர்கள் குடிசையோடு கொளுத்தப்பட்டன. அங்கே கைதிகள், இங்கே குடிமக்கள்.

மக்கானா கழகத்தின் சிறப்பு அதன் ஆட்டத்தைவிட அதன் நிர்வாகத்திலேயே இருக்கிறது என்பது என் துணிபு. சிறை நூலகத்திலிருந்த ஃபிஃபாவின் விதிநூலை அவர்கள் வரிக்கு வரி பின்பற்றினர். கழகத்திற்கு அமைப்பு விதிகள் இருந்தன. ஆடும் திறமைக்கேற்ப ஏ, பி, சி என மூன்று பிரிவுகள். மனோங், ரேஞ்சர்ஸ், கன்னர்ஸ், டைனமோஸ் எனப் பல அணிகள். நடுவர்களுக்குத் தனிச் சங்கம், அவர்களுக்குப் பயிற்சி. ஒழுங்கு நடவடிக்கைக் குழு, மேல்முறையீடு, மினிட் புத்தகம். ஒரே கட்டடத்தில் அடைபட்டிருந்த இருவர், ஒருவருக்கொருவர் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்ற முறையில் தேதியிட்டுக் கையொப்பமிட்டுக் கடிதம் எழுதினர். காகிதமே அரிதாக இருந்த இடத்தில்!

அவர்களுக்குள் பிளவு இல்லாமலில்லை. ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசார் ஒருபுறம். அனைத்து ஆப்பிரிக்கக் காங்கிரசார் ஒருபுறம். வெளியே மேடைகளில் மோதிக்கொண்டவர்கள் உள்ளேயும் முகம் கொடுத்துப் பேசாதிருந்தனர். தொடக்கத்தில் அணிகளும் கட்சி பார்த்தே அமைந்தன. மனோங் அணி அந்த வழக்கத்தை உடைத்தது. எக்கட்சியாராயினும் ஆடத் தெரிந்தவரைச் சேர்த்துக்கொண்டது. அது வெற்றி மேல் வெற்றி பெற்றதைக் கண்ட பிறகே ஏனையோரும் மனம் மாறினர். கொள்கை விளக்கத்தால் நடவாதது சில வேளைகளில் கோல் கணக்கால் நடந்துவிடுகிறது.

1970இல் நிகழ்ந்த ஒரு வழக்கு சுவையானது. தீவின் புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் சேர்ந்து ‘அட்லாண்டிக் ரெய்டர்ஸ்’ என்னும் அணி அமைத்து ஒரு கோப்பைப் போட்டியில் இறங்கினர். எளிய அணியாகக் கருதப்பட்ட ‘புளூ ராக்ஸ்’ அவர்களைத் தோற்கடித்தது. அந்த கோல் விதிப்படி செல்லாது என்று ரெய்டர்ஸ் முறையிட்டனர். நடுவர் தீர்ப்பே முடிவு என்று கழகம் மறுத்தது. சினங்கொண்ட அவ்வீரர்கள் அடுத்த ஆட்டத்தின்போது களத்தில் படுத்துக்கொண்டு ஆட்டத்தையே நிறுத்தினர். நிறவெறி அரசை எதிர்த்து மறியல் செய்து பழகியவர்கள் அல்லவா! கழகம் என்ன செய்தது? கூட்டாளிகள், பெரிய ஆட்டக்காரர்கள் என்று விட்டுவிடவில்லை. குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட்டது, பதில் எழுத்தில் பெறப்பட்டது, சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர், வாதம் பல மாதங்கள் நீண்டது. சாதாரண கோலுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நாம் சிரிக்கலாம். முறையான விசாரணை என்பதையே வெள்ளையர் நீதிமன்றத்தில் கண்டிராத மனிதர்கள், தம்முள் ஒருவரை விசாரிக்கும்போது அம்முறையில் ஓர் எழுத்தும் பிசகாமல் நடந்துகொண்டனர். நம் சங்கங்களில் தேர்தல் தகராறு வந்தால் மினிட் புத்தகமே காணாமற்போவதை நினைக்கையில், சிரிப்பு நின்றுவிடுகிறது.

தனிச் சிறைப் பகுதியில் வைக்கப்பட்டிருந்த மண்டேலா முதலியோருக்கு ஆடும் உரிமை வழங்கப்படவில்லை. அவர்கள் தொலைவிலிருந்து ஆட்டத்தைப் பார்த்து மகிழ்ந்தனர். அதையும் பொறுக்காத அதிகாரிகள், பார்வை படாதபடி இடையே ஒரு சுவரை எழுப்பினர்.

ஆண்டுகள் செல்லச் செல்லத் தொடக்கக்கால ஆட்டக்காரர் பலர் தண்டனை முடிந்து வெளியேறினர். 1976 சோவெட்டோ மாணவர் எழுச்சிக்குப் பின் வந்த இளைய கைதிகளின் போக்கு வேறாக இருந்தது. 1991இல் அரசியல் கைதிகள் அனைவரும் தீவை விட்டு நீங்கினர். 1996இல் சிறைச்சாலையே மூடப்பட்டது. ரேஞ்சர்ஸ் அணியில் ஆடிய ஜேக்கப் சூமா 2009இல் குடியரசுத் தலைவரானார். அவர் ஆட்சி பற்றிய பழிகள் வேறு கதை. தீவின் விளையாட்டுக் குழுக்களில் உழைத்த ஸ்டீவ் ட்ஸ்வெட்டே 1994இல் விடுதலை பெற்ற நாட்டின் முதல் விளையாட்டு அமைச்சரானார்.

2007 சூலை 18, மண்டேலாவின் 89ஆம் பிறந்தநாள். அன்று பெலே முதலிய வீரர்கள் ராபன் தீவுக்குச் சென்று 89 முறை பந்தை வலைக்குள் அடித்தனர். அந்நாளிலேயே ஃபிஃபா மக்கானா கழகத்தைத் தன் மதிப்புறு உறுப்பினராக ஏற்றது. ஒரு நாட்டைச் சேராத கழகம் ஒன்று அப்பெருமையைப் பெற்றபோது, களமிறக்க அதனிடம் ஓர் அணியும் இல்லை. அதன் கடிதங்களும் தீர்மானங்களும் தண்டனை ஆணைகளும், ஆட்ட முடிவுகள் எழுதிய தாள்களும் பெட்டி பெட்டியாகக் கட்டப்பட்டு, கேப் டவுனிலுள்ள மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தின் மயிபூயே ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. களத்தில் படுத்து மறியல் செய்தவர்கள் எழுதிய பதில்களும் அவற்றுள் உண்டு.