தோலுறையும் அதன் தரமும்

தோல் என்னுஞ் சொல் தமிழில் மிகப் பழமையானது. தொல்காப்பியர் செய்யுளியலிற் கூறிய எண்வகை வனப்பினுள் 'தோல்' என்பதும் ஒன்று. கேடகத்திற்கும் யானைக்கும் அப்பெயருண்டென நிகண்டுகள் கூறும். ஆயினும் நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது இலக்கணத் தோலன்று. கடையில் விலைகொடுத்து வாங்குந் தோலேயாம். நம் சங்கத்தார் இல்லங்களிற் பயிலும் சிறார் கைகளில் இக்காலத்து டேப்லெட் எனப்படும் கணினிப்பலகை காணப்படுகின்றது. அதற்கோர் உறை வேண்டித் தியாகராய நகர்க் கடைவீதிக்குச் செல்வோர், 'அசல் தோல்' என்ற சொல்லை நம்பிப் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, ஈராண்டு கழியுமுன் அது பாம்புச்சட்டைபோல உரியக் கண்டு வருந்துகின்றனர். அவ்வருத்தம் நீங்க வேண்டின் அத்தொழிலின் வரலாற்றை ஒருசிறிது அறிதல் நலம். அவ்வரலாற்றின் முதன்மையான பகுதி நம் சென்னையிலேயே நிகழ்ந்தது.

நம் முன்னோர் எழுதிய பலகைகளாகிய ஏட்டுச்சுவடிகளுக்குப் பெரும்பாலும் மரச்சட்டமும் கயிறும் துணியுமே காப்பாயின. 1886-இல் நிறுவப்பெற்ற அடையாறு நூல்நிலையத்திலும், 1943-இல் தொடங்கப்பெற்று இன்று பெசன்ட் நகரில் விளங்கும் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்திலும் அவற்றைக் காணலாம். தோலுக்குரிய இடம் வேறு: உழவன் கிணற்றில், கொல்லன் துருத்தியில், கோயில் முரசில். திருநாளைப்போவார் திருக்கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் அளித்தார் எனச் சேக்கிழார் பெரியபுராணத்துட் கூறுகின்றார். தோலை ஏற்ற நாட்டார் அதனைத் தந்தவரை வாயிலுக்கு வெளியே நிறுத்தினர். மயிலாப்பூர்ச் சபைகளில் மிருதங்க ஒலியைச் சுவைப்போர், அவ்வொலிக்குரிய ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் விரலால் தடவியே தேர்ந்தெடுக்கும் தொழிலாளரை நினைப்பது அரிது. தோலின் தரம் அறிந்தார் அவரேயன்றோ? அவ்வறிவு ஏட்டில் ஏறாமல் கைவழியே நின்றமையால் ஏனையோர்க்கு அது எட்டாதாயிற்று.

பச்சைத்தோல் அழுகும் இயல்பினது. வெந்நீரில் அறுபது பாகை வெப்பத்தை அணுகியவுடன் சுருங்கிவிடும். அதனை அழுகாப் பொருளாக்குதலே பதனிடுதல். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஊன் வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் நாட்கணக்காகப் புரட்டி, கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் பூசி உலர்த்துதல் தமிழ்நாட்டு முறை. இங்ஙனம் பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா' என்னும் பெயரால் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. சாலையோரத்தில் மஞ்சட்பூப் பூத்து நிற்கும் ஆவாரஞ் செடியே அவ்வாணிகத்தின் முதல் எனின் வியப்பாகத் தோன்றும்.

இனி, ஆவாரந்தோலின் குறை யாது? இடைவிடாது நீரில் நனையின் பட்டைச்சத்துக் கரைந்தோடத் தோல் வலியிழக்கும். கவலையேற்றத்தில் நீரிறைக்குந் தோற்சால் நாடோறும் நனைந்து காய்வதன்றோ? அது விரைவில் கெட, உழவர்க்கு மீண்டும் மீண்டும் செலவு நேர்ந்தது. இதனைக் கண்டவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர். சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தோற்றுவித்த அவர், 1903-இல் அங்கேயே குரோமியவுப்பால் தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். அம்முறை 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பார் உரிமைப்பதிவு பெற்றது. அதனை நம் நாட்டுக் கிணற்றுச் சாலுக்குப் பொருத்த நினைந்ததே சாட்டர்டனின் சிறப்பு என்பது நம் கருத்து. பட்டைத்தோல் ஏறத்தாழ எழுபது, எண்பது பாகை வெப்பத்திற் சுருங்க, குரோமியத் தோல் கொதிநீரையும் தாங்கும். தோலின் தரத்தை வணிகன் வாய்ச்சொல்லால் அளவாது நீரிலும் வெப்பத்திலும் இட்டு அளந்த முறையை அத்தொழிற்சாலையிற் காண்கின்றோம்.

ஆனால் அரசு தானே தொழில் நடத்துதலை ஐரோப்பிய வணிகர் பொறாராயினர். 1910-இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு அம்முயற்சியைத் தடுத்து ஆணையிட்டார். நாட்டுத் தொழிலை வளர்க்கக் கிடைத்ததொரு வாய்ப்பு அங்ஙனம் தடையுற்றது வருந்தத்தக்கதே. ஆயினும் வித்து வீணாகவில்லை. பல்லாவரத்தை அடுத்துத் தனியாரால் எழுந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயராலேயே குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் நிலைத்தது. நாடு விடுதலையடைந்த பின்னர், 1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. அதன் இயக்குநராக விளங்கிய டாக்டர் நாயுடம்மா, ஆராய்ச்சியை ஆய்வுக்கூடத்தோடு நிறுத்தாமல் சிற்றூர்த் தொழிலாளரிடமும் கொண்டு சென்றவர். இத்தொழிலுக்கு மறுபக்கமும் உண்டு. வேலூர்ப் பகுதித் தோற்றொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததனை உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பிற் கண்டித்தது. உறையின் விலையில் அவ்வாற்றின் விலையும் அடங்குமோ எனக் கேட்பார் கேட்கலாம்.

இனி உறைக்கு வருவோம். 'ஜெனுயின் லெதர்' என்னும் முத்திரை பொய்யன்று. தரத்தையும் அது கூறாது. தோலை இரண்டாகப் பிளந்தால் மேல்முகமும் ஊன்பக்கமும் கிடைக்கும். ஊன்பக்கத்திற்கும் வண்ணப்பூச்சிட்டு அச்சுருளால் மேல்முகம் போலத் தோற்றுவிக்கலாம், அதுவும் தோல்தான். 'பாண்டெட்' என்பதோ தோற்றூளைப் பசையிற் குழைத்துத் துணியில் ஒட்டியது. 'பீ.யூ.' என்பதில் தோலே இல்லை. நெய்தல்நிலத்து ஈரமும் வெம்மையும் அதன் பூச்சைச் சிதைக்கும். மேலே சொன்ன பாம்புச்சட்டை இவ்விரண்டிலிருந்தே பெரும்பாலும் உரிவது.

ஆகலின் முதலில் நோக்கத்தக்கது வெட்டுமுனை. தோலாயின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். துணிப்பின்புறமோ பஞ்சுபோன்ற அடுக்கோ தெரியின் போலி. சாயம் உள்வரை பாயாத குரோமியத் தோலில் வெட்டுமுனை நீலச்சாம்பல் நிறமாகவும், பட்டைத்தோலில் பழுப்பாகவும் தோன்றும். அடுத்து மயிர்க்காற்புள்ளிகளை வெயிலிற் பிடித்து நோக்குக. ஆட்டுத்தோலிற் புள்ளிகள் வரிசைவரிசையாய் நிற்கும். மாட்டுத்தோலில் நுண்ணியனவாய்ச் சிதறிக் கிடக்கும். ஒரே கோலம் மீண்டும் மீண்டும் அளவாக வருமாயின் அது அச்சுருளின் வேலை. விரலால் அழுத்தின் நுண்சுருக்கம் பரவி, விட்டவுடன் தெளிய வேண்டும். கடைக்காரர் தீக்குச்சி கொளுத்திக் காட்டுவதை நம்பற்க. பூச்சிட்ட தோலிலும் அச்சோதனை தடுமாறும். வாங்காத பொருளை எரித்தல் பண்புமன்று.

கணினிப்பலகையின் உறை நாள்தோறும் பலமுறை திறந்து மூடப்படுவது. ஆகவே பெரும்பாலும் மடிப்பிலேதான் கெடும். மடிப்பில் தோலை மெல்லிதாகச் சீவியிருத்தல் வேண்டும். தடித்த தோலை அப்படியே மடித்திருப்பின் ஓராண்டில் வெடிக்கும். தையலை மூலைகளில் நோக்குக. இரு ஊசிகொண்டு கையால் தைத்த தையலில் ஒரிழை அறினும் மற்றோரிழை தாங்கும். பொறித்தையலில் ஒரிழை அறின் சேர்ந்தது தளரும். பசையால் ஒட்டி, கண்ணுக்காக மட்டும் தையலிட்ட உறைகளும் உண்டு. ஓரத்தை நகத்தால் மெல்ல நெம்பின் அவை தம்மைக் காட்டிவிடும். உட்புறம் மென்துணியா என்பதையும், காந்தம் வைத்த இடம் புடைத்துத் தோலைத் தேய்க்கின்றதா என்பதையும் பார்த்து வாங்குக. ஐப்பசி கார்த்திகை மழையில் பட்டைத்தோலிற் பூஞ்சை படர்வது இயல்பு. உலர்ந்த துணியால் துடைத்து நிழலிற் காற்றாட வைத்தாற் போதும், வெயிலில் வைக்கற்க.