மன்னிக்கவும், கேபிள் கோளாறு: ஜாக்சன் நகரத் தொலைக்காட்சியை எதிர்த்து வென்ற கருப்பின மக்கள்

வன்கொடுமை நடந்த ஊருக்கு நாம் உண்மை அறியப் போகிறோம். திரும்பி வந்து உள்ளூர்ச் செய்தியைப் பார்த்தால் 'இரு தரப்பினர் மோதல்' என்று ஒரு வரி ஓடுகிறது. பல நேரம் அதுவும் இல்லை. ஊடகம் நம்மைக் காட்டுவதில்லை என்று கோபப்படுகிறோம். அந்தக் கோபத்தை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜாக்சனில் நடந்த போராட்டம் ஒரு பாடம்.

டபிள்யூஎல்பிடி என்பது 1953இல் அங்கு தொடங்கிய தொலைக்காட்சி நிலையம். ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதன் ஒளிபரப்புப் பகுதியில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் கருப்பினத்தவர். மேலாளர் ஃபிரெட் பியர்டோ, வெள்ளையர் ஆதிக்கத்தைக் காக்க உருவான 'குடிமக்கள் மன்றத்தின்' உறுப்பினர். 1955இல் கருப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தேசியத் தொலைக்காட்சியில் பேசியபோது, ஜாக்சன் திரையில் படம் நின்றது. 'மன்னிக்கவும், கேபிள் கோளாறு' என்ற அட்டை வந்தது. கோளாறு கேபிளில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

கருப்பினத் தேவாலயங்களுக்கு அந்த நிலையத்தில் இடமில்லை. வெள்ளையருக்குத் தரும் 'திரு', 'திருமதி' என்ற மரியாதை கருப்பினத்தவர் பெயருக்குக் கிடையாது. சேரிப் பெரியவரை ஊர்ச் சிறுவன் ஒருமையில் அழைப்பதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1963 மே 20 அன்று, நீண்ட வற்புறுத்தலுக்குப் பிறகு, உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸுக்கு அதே நிலையம் 17 நிமிடம் கொடுத்தது. நகர மேயரின் பேச்சுக்கு அவர் பதில் சொன்னார். விடுதலை பெறும் ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஜாக்சன் கருப்பினத்தவன், தன் நகரத்தில் தனக்கு என்ன கிடைக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பான் என்றார். ஜூன் 12 அன்று தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவனுக்குத் தண்டனை கிடைத்தது 1994இல்தான்.

1964 மார்ச்சில் போராட்டம் வேறு பாதையில் இறங்கியது. ஐக்கிய கிறிஸ்து சபையின் எவரெட் பார்க்கர், ஜாக்சனிலேயே தன்னார்வலர்களைத் திரட்டினார். அவர்கள் ஒரு வாரம் ஒரு வீட்டுக்குள் மறைவாக இருந்து, நிலையம் ஒளிபரப்பியதை எல்லாம் பதிவுசெய்து குறிப்பெடுத்தார்கள். யார் திரையில் வந்தார்கள், யார் வரவில்லை என்று எண்ணினார்கள். உயிருக்கு ஆபத்து என்பதால் அவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை. அந்தக் குறிப்புகளை வைத்து, கருப்பினத் தலைவர்கள் ஆரன் ஹென்றி, ஆர்.எல்.டி. ஸ்மித் ஆகியோருடன் சேர்ந்து, நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று ஒளிபரப்பு ஆணையத்திடம் மனுக் கொடுத்தார்கள்.

ஆணையம் கேட்டது ஒரே கேள்வி: நீங்கள் யார்? உரிமத்தால் பண நட்டம் அடைந்தவரோ, அலைவரிசைக் குறுக்கீட்டால் பாதிக்கப்பட்டவரோதான் எதிர்த்து வாதாட முடியும். வெறுமனே பார்ப்பவருக்கு உரிமை இல்லை என்றது. அதாவது, போட்டி முதலாளிக்குக் குரல் உண்டு, இழிவுபடுத்தப்பட்ட மக்களுக்கு இல்லை.

1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உடைத்தது. பொதுமக்களின் அலைவரிசையைப் பயன்படுத்தும் நிலையத்தை எதிர்த்து வாதாட, அதைப் பார்க்கும் மக்களுக்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் ஆணையம் 1968இல் மீண்டும் உரிமத்தைப் புதுப்பித்தது. மறுபடியும் வழக்கு. 1969இல் நீதிமன்றமே அந்தப் புதுப்பிப்பை ரத்து செய்தது. 1971இல் லாப நோக்கற்ற ஓர் அமைப்பு நிலையத்தைத் தற்காலிகமாக ஏற்றது. 1972இல் வில்லியம் டில்டே அதன் பொது மேலாளரானார். தென் மாநிலங்களில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கருப்பினத்தவர் அவர். எவர்ஸ் 17 நிமிடத்துக்காகக் கெஞ்ச வேண்டியிருந்த அதே நிலையம் அது!

நமக்கும் இந்த வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1996இல் டெல்லியில் பணியாற்றிய கென்னத் கூப்பர் என்ற அமெரிக்கக் கருப்பினப் பத்திரிகையாளர், பேசுவதற்கு ஒரு தலித் பத்திரிகையாளர் வேண்டும் என்று மூத்த பத்திரிகையாளர் பி.என். உனியாலிடம் கேட்டார். தேடிப் பார்த்த உனியாலுக்கு ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. தன் முப்பது ஆண்டுப் பணியில் ஒரு தலித் பத்திரிகையாளரைச் சந்தித்ததே இல்லை என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இல்லாததை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அதுவரை அவருக்குத் தோன்றவில்லை.

ஜாக்சன் மக்கள் எண்ணினார்கள். 'எங்களைக் காட்டுவதில்லை' என்ற புகாரை மறுத்துவிடலாம். நாள், நேரம், நிகழ்ச்சி என்று எழுதிவைத்த ஒரு வாரக் கணக்கை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. நம் ஊர் செய்தித் தொலைக்காட்சியில் ஒரு வாரத்தில் சேரியிலிருந்து யார் பேசினார்கள், எந்த வன்கொடுமை 'மோதல்' ஆனது, விவாத மேசையில் யார் உட்கார்ந்தார்கள் என்று எழுத ஒரு நோட்டும் நான்கு தோழர்களும் போதும். அம்பேத்கர் நமக்குக் கற்பித்ததும் ஆதாரத்தோடு பேசுவதைத்தான்.

ஜெய் பீம்!