கரிசல் நிலமும் மதுரை மேற்றிராசனமும்

கடம்பூர், கோவில்பட்டி வட்டாரம் கரிசல் பூமி. வானத்தை நம்பி வாழும் நிலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் சேறு காலைப் பற்றிக்கொள்ளும்; கோடையில் தரை பாளம் பாளமாக வெடிக்கும். இந்நிலத்தில் கத்தோலிக்கத் திருச்சபை வேரூன்றிய வரலாறு மாணவர்கள் அறியத்தக்கது.

1606ஆம் ஆண்டில் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து தொடங்கியதே மதுரை மிஷன். பதினேழாம் நூற்றாண்டிலேயே அது கரிசல் காட்டிற்கும் பரவியது. கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள காமநாயக்கன்பட்டி அதன் முக்கிய நிலையமாயிற்று. பரலோக மாதா ஆலயத்தால் இன்றும் பெயர் பெற்றது அவ்வூர். பின்னாளில் சதுரகராதி இயற்றிய வீரமாமுனிவர், தமிழகத்தில் தம் தொடக்கக் காலப் பணியை அங்கே ஆற்றினார். சேசு சபைக் குருமார் ஐரோப்பாவிற்கு எழுதிய கடிதங்கள், நாயக்கர் கால வரலாற்றை ஆராய்வோர்க்கு இன்று சிறந்த சான்றுகளாக விளங்குகின்றன.

ஆயினும், பரந்த நிலத்திற்குக் குருமார் மிகச் சிலரே. ஒரு சிற்றூர் குருவைக் காண்பதே அரிது. அவர் இல்லாத நாட்களில் சபையைக் காத்தவர் யார்? உபதேசியார்! செபம் கற்பிப்பதும், சாகும் தறுவாயில் இருப்போர்க்கு ஞானஸ்நானம் அளிப்பதும், இறந்தோரை அடக்கம் செய்விப்பதும் அவர் கடமைகள். 1773இல் பாப்பரசர் பதினான்காம் கிளமென்ட் சேசு சபையைக் கலைத்தார். அச்சபையார் 1838இல் மதுரை நாட்டிற்குத் திரும்பும் வரை, ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள், கோவாவைச் சார்ந்த குருமார் சிலர் வந்து சென்றனர். அன்றாடப் பொறுப்போ உபதேசியார் மீதும் ஊர்க் குடும்பங்கள் மீதுமே விழுந்தது.

பின்னர் எல்லைகள் மாறின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதி திருச்சி மேற்றிராசனத்தைச் சேர்ந்திருந்தது. 1938இல் மதுரை தனி மேற்றிராசனமாயிற்று. 1953இல் அதிமேற்றிராசனமாக உயர்ந்தது. 1973இல் அதிலிருந்து பாளையங்கோட்டை மறைமாவட்டம் பிரிந்தபோது காமநாயக்கன்பட்டி அதன்பாற்பட்டது. கோவில்பட்டியிலிருந்து திருச்சி 200 கிலோமீட்டருக்கும் மேல். மதுரை ஏறக்குறைய 100. பாளையங்கோட்டையோ ஏறக்குறைய 60. ஒவ்வொரு பிரிவினையும் மேற்றிராணியாரை மக்களுக்கு நெருக்கமாகக் கொணர்ந்தது எனலாம்.

கல்விப் பணியும் உடன் வளர்ந்தது. உபதேசியார் செபம் சொல்லிக் கொடுத்த இடங்களுள் பல, பின்னர் எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் பள்ளிகளாயின. பாளையங்கோட்டையில் 1923இல் தூய சவேரியார் கல்லூரியும், மதுரையில் 1953இல் பெண்களுக்கென பாத்திமா கல்லூரியும் தோன்றின. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கே பயின்றனர், இன்றும் பயில்கின்றனர்.

மேற்றிராணியார்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் வரிசையாக உள்ளன. கரிசல் சேற்றில் ஊர் ஊராக நடந்த உபதேசியார்களுள் பெரும்பாலோர் பெயர்கள் நூலேறவில்லை. அவர்களைத் தேட வேண்டுமாயின் ஊர்க் கோயில்களின் ஞானஸ்நான, திருமண, மரணப் பதிவேடுகளுக்குச் செல்ல வேண்டும். உரியவரிடம் அனுமதி பெற்று அப்பழைய ஏடுகளைப் பொறுமையுடன் படிக்கும் மாணவர், ஒரு திருச்சபையின் வரலாற்றை மட்டுமன்றி, பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் இம்மண்ணை விட்டகலாத எளிய மக்களின் வரலாற்றையும் காண்பர்.