மெலாக்கா: படைப்புக்கும் கைவேலைக்கும் ஒரே சொல்

தமிழ் முஸ்லிம்கள் வானவரை ‘மலக்கு’ என்பார்கள். அரபியிலிருந்து வந்த சொல். எபிரேயத்தில் அதற்கு உறவான சொல் ‘மல்ஆக்’. தூதன் என்று பொருள். அனுப்புதலைக் குறிக்கும் பழைய செமித்திய வேர் இரண்டுக்கும் அடி. எபிரேய வேதத்தில் அந்த வேர் வினையாக வழங்கவில்லை. சிரியக் கடற்கரையில் கிடைத்த உகாரித்துக் களிமண் பலகைகளில் வினையாகவே நிற்கிறது. அதே வேரில் கிளைத்ததுதான் ‘மெலாக்கா’: வேலை, தொழில், கைவினை.

அன்றாடச் சொல் அது. யோசேப்பு எகிப்தில் எஜமான் வீட்டில் பார்த்ததும், எரேமியா கண்ட குயவன் சக்கரத்தில் வனைந்ததும் மெலாக்காதான். புயலில் சிக்கிய மாலுமிகள் யோனாவிடம் ‘உன் தொழில் என்ன’ என்று கேட்கும்போதும் இதே சொல் வருகிறது. இப்படிப் புழுதி படிந்த சொல்லைத்தான் ஆதியாகமம் 2ஆம் அதிகாரம், உலகைப் படைத்து முடித்த கடவுளின் செயலுக்குச் சூட்டுகிறது. இரண்டே வசனங்களில் மூன்று முறை. படைத்தலைக் குறிக்கும் ‘பாரா’ என்ற வினையைக் கடவுளுக்கே ஒதுக்கிய மொழி, செய்த வேலையின் பெயரை மட்டும் மனிதரோடு பகிர்ந்துகொண்டது. என் வியப்பெல்லாம் இதில்தான்.

எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேலர் பாலைவனத்தில் வழிபாட்டுக் கூடாரம் எழுப்பும்போது இந்தப் பகிர்வின் முழு அழகும் தெரிகிறது. பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் எல்லாவற்றிலும் மெலாக்கா செய்ய யூதா குலத்துப் பெசலெயேல் அழைக்கப்படுகிறார். துணைக்குத் தாண் குலத்து அகோலியாப். தம் ஆவியால் நிரப்பியதாகக் கடவுள் வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவில் முதன்முதலாகச் சொல்வது இந்தப் பெசலெயேலைப் பற்றித்தான். அவர் அரசருமல்லர், குருவுமல்லர், கைவினைஞர். நீலநூலும் கருஞ்சிவப்பு நூலும் ஆட்டுமயிரும் நூற்ற பெண்களையும் ஞான இதயம் உடையவர்கள் என்றே யாத்திராகமம் சொல்கிறது. கடைசியில் அவர்களின் தலைவர் மோசே மெலாக்கா முழுவதையும் பார்த்து, ஆசி கூறி, அதை முடிக்கிறார். கடவுள் தம் வேலையை முடித்தார் என்ற இடத்தில் வரும் அதே வினை இங்கும் வருகிறது. இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ஓய்வுநாளில் விலக்கப்பட்டதும் மெலாக்காவே. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா அதை 39 வகையாக்கியது. ‘நாற்பதுக்கு ஒன்று குறைய’ என்பது அதன் கணக்கு. உழுதல், நூற்றல், நெய்தல், சாயமேற்றல், இரண்டு எழுத்து எழுதுதல், ஒரு பொருளை நிறைவாக்கும் கடைசிச் சுத்தியல் அடி. யூத மத அறிஞர்களான ரபிகள் இவற்றைக் கூடாரப் பணியோடு பொருத்தினார்கள். உடல் களைப்பு அவர்களின் அளவுகோல் அன்று. வீட்டுக்குள் கனத்த மேசையை நகர்த்துவது மெலாக்கா ஆகாது. இரண்டு எழுத்து எழுதினால் ஆகிவிடும். பெசலெயேலின் பணிக்கு வேதம் தந்த ‘மெலேகெத் மஹ்ஷெவெத்’ என்ற தொடரையே, எண்ணித் திட்டமிட்டுச் செய்த வேலை என்று பொருள்கொண்டு, சட்டத்தின் அடிப்படையாகவும் வைத்தார்கள்.

இன்றைய எபிரேயத்திலும் கைவினைஞருக்குப் பெயர் ‘பஅல் மெலாக்கா’, மெலாக்காவுக்கு உரியவர்.