கே.எஸ்.ஆர்.டி.சி. யாருக்குச் சொந்தம்?

எழுத்துக்கு முன்பே வண்டி பிறந்துவிட்டது. 1938 பிப்ரவரி 20 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையைத் தொடங்கி வைத்தார். நடத்துவதற்கு லண்டன் போக்குவரத்து வாரியத்திலிருந்து சால்ட்டர் என்ற ஆங்கிலேயரை வரவழைத்திருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து இறங்கிய சேசிஸ் மேல் இங்கேயே பாடி கட்டினார்கள். ஆரம்பத் தடங்களில் ஒன்று நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி. அன்றைக்கு அது உள்ளூர்ப் பயணம்தான். 1956 நவம்பர் 1-க்குப் பிறகுதான் அதே வண்டி மாநில எல்லை தாண்ட வேண்டியதாயிற்று.

1965-ல் துறை கழகமாக மாறியது. கேரளா ஸ்டேட் ரோடு டிரான்ஸ்போர்ட் கார்ப்பரேஷன் என்ற பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துக் கே.எஸ்.ஆர்.டி.சி. என்றார்கள். டிரேட்மார்க் பற்றி அப்போது யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அரசுக் கழகம் எதற்கு யோசிக்க வேண்டும்?

மைசூரில் 1948-லேயே அரசுப் பேருந்து ஓடத் தொடங்கி, 1961-ல் கழகமும் வந்துவிட்டது. ஆனால் அதன் முதலெழுத்து எம். 1973 நவம்பர் 1 அன்று மாநிலத்தின் பெயர் கர்நாடகம் ஆனதும் எம் போய்க் கே வந்தது. அந்த நாளிலிருந்து ஒரே ஐந்தெழுத்துக்கு இரண்டு முதலாளிகள்.

நாற்பது ஆண்டுகள் ஒரு சச்சரவும் இல்லை. ஒரு வண்டியில் மலையாளப் பலகை, இன்னொன்றில் கன்னடப் பலகை. ஒன்றில் இரட்டை யானையும் சங்கும், மற்றதில் இருதலைப் பறவை கண்டபேரண்டம். பேருந்து நிலையத்தில் எந்தப் பயணியும் ஏமாந்து வண்டி மாறி ஏறியிருக்க மாட்டார். முன்பதிவு இணையத்துக்குப் போன பிறகுதான் சிக்கல் வந்தது. அங்கே பலகையும் இல்லை, யானையும் இல்லை. தட்டச்சு செய்யும் ஐந்து எழுத்துதான் அடையாளம். அந்தப் பெயரிலான இணைய முகவரி கர்நாடகத்தின் கையில் இருந்தது. பெங்களூரிலிருந்து ஓணத்துக்கு ஊர் திரும்பும் மலையாளி எந்தத் தளத்தில் டிக்கெட் போடுகிறார் என்பது பணக் கணக்காயிற்று.

கர்நாடகம் முந்திக்கொண்டது. ஐந்தெழுத்தையும் கண்டபேரண்டச் சின்னத்தையும் பதிவு செய்துகொண்டு, 2014-ல் கேரளத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது: இனி இந்தப் பெயரைப் பயன்படுத்தாதீர்கள். எட்டாண்டு மூத்த பெயரைப் பதிவு செய்யாமல் விட்டது கேரளத்தின் அசட்டை. வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இந்தியச் சட்டம் சான்றிதழை மட்டும் பார்ப்பதில்லை. 1999-ம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 34-வது பிரிவு, பதிவு செய்தவருக்கு முன்பிருந்தே ஒரு சின்னத்தைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவரைத் தடுக்க முடியாது என்கிறது. விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்? கர்நாடகம் சொன்னது 1973. கேரளம் சொன்னது 1965. தேதியை எழுதினால் மட்டும் போதாது, பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் வேண்டும்.

கேரளம் பழைய காகிதங்களைத் தேடியது, சினிமாவையும் தேடியது. 1969-ல் ஏ.பி. ராஜ் இயக்கத்தில் பிரேம் நசீரும் ஷீலாவும் நடித்த 'கண்ணூர் டீலக்ஸ்' சான்றுகளில் ஒன்றாகப் போனது. திருவனந்தபுரத்திலிருந்து கண்ணூர் போகும் அரசுப் பேருந்தில் நடக்கிற கதை. மைசூர் மாநிலத்துக்குக் கர்நாடகம் என்ற பெயரே வராத காலத்துப் படம்! பொழுதுபோக்குக்கு எடுத்த படம் அரை நூற்றாண்டு கழித்துச் சாட்சி சொன்னது.

2021 ஜூனில், எழுத்தும் சின்னமும் 'ஆனவண்டி' என்ற செல்லப்பெயரும் தங்களுக்கே கிடைத்துவிட்டதாகக் கேரளம் அறிவித்தது. அப்படி இறுதி உத்தரவு எதுவும் வரவில்லை என்று கர்நாடகம் உடனே மறுத்தது. கர்நாடகத்தின் பதிவை ரத்து செய்யக் கேட்ட வழக்கு சென்னையிலிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தில் இருந்தது; அந்த வாரியத்தையே மத்திய அரசு அதே ஆண்டு ஏப்ரலில் கலைத்துவிட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாறியது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் கேரளத்தின் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. ஒன்பது ஆண்டு அலைச்சலுக்குப் பிறகும் இரண்டு கழகங்களும் அந்த ஐந்தெழுத்தோடு ஓடுகின்றன.

மாநிலத்தின் பெயர், சாலை, போக்குவரத்து, கழகம்: தொழிலை அப்படியே சொல்லும் பெயர் இது. இப்படிப்பட்ட பெயரை ஒருவர் மட்டும் தன்னுடையது என்று சொல்வது எப்போதுமே கடினம். நம் தமிழ்நாட்டுப் பக்கத்தில் 1970-களில் சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன் என்று போக்குவரத்துக் கழகங்களுக்குப் பெயர் வைத்தார்கள். சட்டத்தை நினைத்து வைத்ததல்ல, ஆனால் டிரேட்மார்க் வக்கீல் மெச்சும் பெயர்கள். கேரளத்திலும் அப்படி ஒன்று இருந்தது. ஆனவண்டி என்பது பக்கவாட்டில் யானையைப் பார்த்த பயணிகள் காசு வாங்காமல் வைத்த பெயர். அலுவலகம் வைத்த பெயரைவிட அது நூறு மடங்கு தேவலை என்பேன்.

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் கம்பெனி தொடங்கும் இளைஞருக்கும் சாலைக் கடைத்தெருவில் மிக்ஸர் பாக்கெட் போடும் அண்ணாச்சிக்கும் இதில் வேலை இருக்கிறது. கம்பெனிப் பதிவோ, ஜி.எஸ்.டி. எண்ணோ, இணைய முகவரியோ டிரேட்மார்க் ஆகாது. பதிவுக்கு 45 வகுப்புகள் உண்டு, பேருந்துக்கு 39. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில் என்றால் இணையவழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. கேரளத்தின் விண்ணப்பங்கள் சென்னை கிண்டியிலுள்ள அலுவலகத்தின் கீழ்தான் வருகின்றன. ஆய்வில் தேறினால் இதழில் வெளியிடுவார்கள். நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவு உங்களுடையது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் இதே பெயரில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று அலுவலகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. கடையின் முதல் பில், முதல் லேபிள், முதல் விளம்பரம் மூன்றையும் தேதியோடு ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். உங்களுக்காக யாரும் சினிமா எடுத்து வைத்திருக்க மாட்டார்கள்.